மிச்சக் காசு

இடியப்பத் தட்டு பதினெட்டு இருக்கவேணும்.
இரண்டு தரம் எண்ணியும் பதினொன்று.
மா ஒட்டின கையோடு
முழங்கையால் கதவைத் திறந்து பார்க்கிறேன்.

மூன்றாம் மாடி நடைவழியில்
நூறாம் நம்பர் பஸ் நிற்கிறது.
பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் வந்திறங்கிய மட்டைப்பெட்டி
படுத்துக்கொண்டு பஸ் ஆகியிருக்கிறது.
'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறி
இப்போது புறக்கோட்டையைக் காட்டுகிறது.

ஒரு தட்டு ஸ்டியரிங்.
இரண்டு தட்டு பக்கக் கண்ணாடி,
ஓட்டை வழியே முன்னுக்கு வருவதும் தெரிகிற கண்ணாடி.
நாலு தட்டு சில்லு என்று நினைத்தேன்,
மூன்றுதான் சில்லு.
மற்றது டிரைவரின் தலைக்கு மேல்
ஒரு செவ்வரத்தம் பூவோடு சாய்ந்திருக்கிறது.
இது எந்தச் சாமி என்று கேட்டேன்.
'சுத்துற சாமி' என்றான் கவிநயன்,
ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ருஷைதா கொண்டக்டர். வயது ஆறு.
விரலிடுக்கில் நோட்டுக்குப் பதிலாக
என் உடுப்புக் கிளிப்புகள்.
'பம்பலப்பிட்டி கொள்ளுப்பிட்டி பிடகொட்டுவ பிடகொட்டுவ'
மூச்சு விடாமல் ஒரே சொல்.
'இஸ்ஸரஹட்ட யன்ன' என்று தள்ளுகிறாள்.
எல்லோரும் முன்னுக்குப் போகவேணும்.
முன்னுக்கு இருப்பது சுவர்.

கீழ்வீட்டு தெவ்மிக்கு ஜன்னலோர சீட்.
மடியில் துவாய் சுற்றி ஒரு பிள்ளை,
நாளைய கறிக்கு நான் வாங்கி வைத்த பூசணிக்காய்.
அதற்கு அரை டிக்கட்.

டிக்கட்டைக் கிட்டப் பார்த்தேன்.
சிவப்பு எழுத்து.
மின்சாரக்காரர் கதவில் செருகிவிட்டுப் போன
கடைசி அறிவித்தல்,
பதினாலு துண்டாக.

வாயைத் திறந்தேன்.
அந்த நேரம் பார்த்து
ஒழுங்கை முடிவில், கடலோரம்,
உண்மையான ரயில் கூவியது.
டிரைவர் பிரேக் பிடித்தான்.
தெவ்மி எழும்பித் தும்புத்தடியைக் குறுக்கே போட்டாள்.
பஸ் நின்றது. பூசணி அழுதது. தட்டிக் கொடுத்தார்கள்.
ஒருவரும் பேசவில்லை, நானும்,
கடைசிப் பெட்டி மருதானைப் பக்கம் போகும்வரை.

தடி தூக்கியபின்
'ஆன்டி ஏறுறீங்களா இல்லையா' என்கிறாள் ருஷைதா.
அவசரமாய் ஏறினேன்.
மட்டை ஒரு பக்கம் கிழிந்தது, மன்னித்தார்கள்.

'எங்க எறங்குற?'
எனக்குச் சட்டென்று ஒரு இடமும் வரவில்லை.
இந்த வருசம் நான் போன இடமெல்லாம்
வங்கி, பள்ளிக்கூடம், மீன்கடை.
'டோஹா போகுமா?' என்று கேட்டுப் பார்த்தேன்.
டிரைவர் கண்ணாடித் தட்டுக்குள்ளால் என்னைப் பார்த்தான்.
'அப்பான்ர இடமோ?
இது போகாது அம்மா.
கட்டுநாயக்காவுக்கு ஹைவே பஸ் இருக்கு,
அங்கால போய் நில்லுங்கோ.'

சரி, கொள்ளுப்பிட்டி ஒன்று என்றேன்.
கையில் காய்ந்த மாவை உரித்து உருட்டி
ஐந்நூறு ரூபாய் என்று நீட்டினேன்.
அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
கள்ள நோட்டோ என்று.
பிறகு கிளிப்பில் கவ்வவிட்டு
எல்லாக் கொண்டக்டரும் சொல்வதைச் சொன்னாள்:
'மிச்சம் பொறகு தாறன், உள்ளுக்குப் போங்க.'

பதினொரு தட்டில்தான் அன்றைக்கு அவித்தேன்,
மூன்று தரமாக.
ராத்திரி தரையில் உட்கார்ந்து
துண்டுகளைப் பொருத்தினேன்.
தொகை இருக்கிறது, திகதி இருக்கிறது,
கணக்கு நம்பர் மட்டும் இல்லை.
அது அரை டிக்கட்.

கீழே இறங்கிப் போனேன்.
தெவ்மியின் தாய் விரலை வாயில் வைத்துக்
கட்டிலைக் காட்டினாள்.
தெவ்மியும் பூசணியும் ஒரே துவாய்க்குள்.
காம்புக்குக் கீழே செருகியிருந்த துண்டை
பிள்ளை எழும்பாமல் மெல்ல இழுத்தேன்.
எந்தப் பிள்ளை என்று கேட்காதீர்கள்.

கட்டணம் கட்டியாயிற்று.
பூசணியை இன்னும் வெட்ட விடுகிறார்கள் இல்லை.
படியில் காணும்போதெல்லாம் ருஷைதா
வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஏறுகிறாள்.
மிச்சக் காசு வரவேண்டியிருக்கிறது.